ஏ.பி.யா, டூயல் கிரெடிட்டா? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வரும் காலம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். புதியவர்களுக்கு ஒரு வரி: ஏ.பி. என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம், கடைசியில் ஐந்து வரை மதிப்பெண் தரும் தேர்வு உண்டு. டூயல் கிரெடிட் என்பது பள்ளியில் இருக்கும்போதே எடுக்கும் கல்லூரிப் பாடம், பள்ளி, கல்லூரி இரண்டு கணக்கிலும் சேரும். கிரெடிட் என்பது பட்டத்துக்குச் சேரும் பாட அளவு.

மகன் ஒன்பதாம் வகுப்பு. ஏ.பி. நல்லதா, டூயல் கிரெடிட் நல்லதா? (டாலஸ்)

எந்தக் கல்லூரியை மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அது தெரியாமல் இதற்குப் பதிலே கிடையாது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம்தான் என்றால் டூயல் கிரெடிட் தாராளமாகச் செல்லும். 42 கிரெடிட் கோர் (எல்லா மாணவருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள்) முழுவதையும் முடித்துவிட்டால் மொத்தமாகவே ஏற்றுக்கொள்வார்கள். வெளிமாநிலம் அல்லது தனியார் என்றால் ஏ.பி. பாதுகாப்பானது. நாடு முழுக்க ஒரே தேர்வு என்பதால் எல்லா இடத்திலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் கால்டெக், பிரவுன், டார்ட்மத் போன்ற இடங்களில் ஐந்து வாங்கினாலும் பட்டத்துக்கான கிரெடிட் கிடைக்காது. கிரெடிட்டை முடிவு செய்வது பாடம் நடத்தும் கல்லூரி அல்ல, பிள்ளை சேரப்போகும் கல்லூரி. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில்) எடுத்த கால்குலஸ் யூ.சி.யில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில்) செல்லுமா? (ஃப்ரீமாண்ட்)

எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டும் 'அசிஸ்ட்' இணையதளத்தில் காலேஜ், யூ.சி. வளாகம், மேஜர் (முதன்மைப் படிப்புத் துறை) மூன்றையும் கொடுத்துப் பாருங்கள், பத்து நிமிட வேலை. ஒரு பாடம் வெறும் யூனிட்டாக (கிரெடிட்டாக) மட்டும் செல்வது வேறு, மேஜருக்கான பாடமாகச் செல்வது வேறு. இரண்டையும் பாருங்கள்.

ஏ.பி.யில் மூன்று வாங்கினால் போதுமா? (நேப்பர்வில்)

இல்லினாய் அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்றுக்கே கிரெடிட் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் அது மேஜர் பாடமாகவா, வெறும் எலக்டிவ் (விருப்பப் பாடம்) ஆகவா என்பது துறைக்குத் துறை மாறும். சேரப்போகும் கல்லூரியின் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

மகள் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் சும்மா இருக்க வேண்டாம் என்று பக்கத்துக் காலேஜில் வேதியியல் சேர்த்துவிட்டோம். கஷ்டமாக இருந்ததால் மூன்றாவது வாரம் போவதை நிறுத்திவிட்டாள். பள்ளி ரிப்போர்ட்டில் எதுவும் வரவில்லை. அவள் டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். இதை அப்படியே விட்டுவிடலாமா? (நியூ ஜெர்சி)

விடக் கூடாது. உங்கள் மகளை இன்றே காலேஜ் போர்ட்டலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வகுப்புக்குப் போகாமல் இருப்பதும் பாடத்தை விடுவதும் ஒன்றல்ல. ஆரம்ப நாட்களுக்குள் 'டிராப்' செய்தால் தடமே இருக்காது. அதற்குப் பின், குறிப்பிட்ட தேதிக்குள் 'வித்ட்ரா' செய்தால் டபிள்யூ (விலகியதற்கான குறி) விழும். அதனால் ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) குறையாது. இரண்டும் செய்யாமல் போவதை மட்டும் நிறுத்தினால் பெரும்பாலும் விழுவது எஃப் (தோல்வி).

பள்ளி ரிப்போர்ட்டில் வராததைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கல்லூரிப் பாடத்தை எந்த வயதில் எடுத்தாலும் அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டில்தான் (கிரேடுப் பதிவேட்டில்தான்) ஏறும், அங்கேயே இருக்கும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பமான ஆம்காஸ், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் கேட்கிறது. ஜி.பி.ஏ. கணக்கிலும் அவற்றைச் சேர்க்கிறது. அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் பழைய எஃப் கணக்கை விட்டுப் போகாது. பதினைந்து வயதில் ஒரு கோடையில் நடந்தது இருபத்திரண்டு வயதில் எதிரே வந்து நிற்கும். இளநிலைப் பட்டத்துக்கான கல்லூரி விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் அங்கேயும் மறைக்க வேண்டாம். பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமே போகலாம்.

அப்புறம், காலேஜுக்கு நீங்கள் போன் செய்து பயனில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, வயது பதினெட்டு ஆகாவிட்டாலும், அந்தப் பதிவுகளின் மேல் உரிமை மாணவருக்குத்தான். ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு மகளே எழுதட்டும். உடல்நலம் போன்ற உண்மையான காரணம் இருந்தால் தேதி தாண்டிய பிறகும் வித்ட்ரா கேட்க வழி உண்டு.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்தச் 'சும்மா இருக்க வேண்டாம்' மேல் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் இப்படி நாலைந்து குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. எல்லாருமே கிரேடு விழுந்த பிறகு வருகிறவர்கள். கல்லூரி வேதியியல் கோடையில் எட்டு வாரத்துக்குள் ஓடும் பாடம், லேபும் உண்டு. டாக்டர் ஆசை உள்ள பிள்ளைக்கு அதில் லாபமும் குறைவு. பல மருத்துவக் கல்லூரிகள் அடிப்படை அறிவியலைப் பட்டப்படிப்புக் காலத்தில் எடுத்தால்தான் மதிக்கும். நேரம் இருந்தால் மகளை மருத்துவமனையில் தன்னார்வப் பணிக்கு அனுப்புங்கள். படிக்க வேண்டுமென்றால் ஆங்கிலமோ பேச்சுக் கலையோ ஒரே ஒரு பாடம், அதுவும் அவளே கேட்டால்.

பதினொன்றாம் வகுப்பில் ஆறு ஏ.பி. எடுக்கலாமா?

எந்த ஆறு, பத்தாம் வகுப்பில் என்ன கிரேடு, பிள்ளை என்ன சொல்கிறான்? மூன்றும் கடிதத்தில் இல்லை, ஊர் பெயர்கூட இல்லை. மேஜரை ஒட்டி மூன்று போதும்.

ஏ.பி. தேர்வுக்குப் பதிவு செய்ய மறந்துவிட்டோம். (ஷார்லட்)

வழக்கமான கெடு நவம்பர் நடுவோடு முடிந்திருக்கும். மார்ச் வரை, சுமார் 100 டாலர் கட்டணத்தோடு இன்னொரு 40 கட்டிச் சேரலாம். ஆனால் பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளர் ஒத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கே பாருங்கள். மதிப்பெண்ணை ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்ப ஜூன் 20 கடைசி நாள். அதையும் மறக்காதீர்கள்.

தமிழில் ஏ.பி. இருக்கிறதா?

இல்லை. ஆனால் தமிழுக்கு 'ஸ்டாம்ப்' என்ற மொழித் திறன் தேர்வு உண்டு. அதை வைத்துப் பல பள்ளி மாவட்டங்கள் உலக மொழி கிரெடிட்டும், டிப்ளமாவில் இருமொழித் திறன் முத்திரையும் தருகின்றன. இந்த முத்திரை 2011இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்குப் போய்ப் படித்த பிள்ளைக்கு இது நியாயமாகச் சேர வேண்டியது. கவுன்சலர் தெரியாது என்று சொன்னால் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

30 கிரெடிட் சேர்ந்துவிட்டது. மூன்றே ஆண்டில் இன்ஜினியரிங் முடிக்கலாமா? (கொலம்பஸ்)

30இல் எத்தனை கிரெடிட் மேஜர் வரிசையில் இருக்கிறது? இன்ஜினியரிங்கில் ஒரு பாடம் முடித்தால்தான் அடுத்தது திறக்கும். வரலாறும் உளவியலும் அந்தச் சங்கிலியைக் குறைக்காது. கல்லூரியின் நான்காண்டு டிகிரி பிளானை அச்சடித்து, முடித்த பாடங்களை அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு செமஸ்டரின் கணிதம், இயற்பியல் அடிபட்டால் பேசலாம். அடிபடாவிட்டால் நான்கு ஆண்டுதான், ஒவ்வொரு செமஸ்டரிலும் சுமை மட்டும் குறையும்.