எந்தப் படத்தை அனுப்பலாம்?

கேள்வி: உயிரியல் பூங்கா புகைப்படப் போட்டிக்கு ஒரு படம்தான் அனுப்ப முடியும். புலியின் முகம் குளோசப்பில் ஒன்று, குட்டிக்குப் பேன் பார்க்கும் தாய்க்குரங்கு ஒன்று. குரங்குப் படத்தில் கம்பிவலை லேசாகத் தெரிகிறது. எதை அனுப்பலாம்?

பதில்: குரங்குதான் என் தேர்வு. புலி முகம் நிறையப் பேரிடமிருந்து வரும். தாயின் விரல்கள் குட்டியின் ரோமத்தை விலக்கும் அந்தக் கணம் அபூர்வம். ஆனால் முதலில் படத்தை 100% பெரிதாக்கித் தாயின் கண்ணைப் பாருங்கள். வலையில் ஃபோகஸ் விழுந்து கண் மங்கியிருந்தால், தயங்காமல் புலிக்கு மாறுங்கள். ஷார்ப்பனிங் (எடிட்டிங்கில் கூர்மையைக் கூட்டுவது) அதைக் காப்பாற்றாது. வலை வெறும் சாம்பல் மூட்டமாக இருந்தால் கான்ட்ராஸ்ட்டைச் சற்றுக் கூட்டினால் போதும். கம்பியை அழிக்க வேண்டாம், பல போட்டிகளில் அது தகுதியிழப்பு. விதிமுறையைப் படித்துவிடுங்கள்.

கிராப் செய்வதிலும் (ஓரங்களை வெட்டுவதிலும்) கவனம் தேவை. 6000×4000 பிக்சல் படத்தில் நீள அகலத்தைப் பாதியாக்கினால் 3000×2000தான் மிஞ்சும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட்டால் அது 10 அங்குல அகலத்துக்குத்தான் வரும். ஒரிஜினல் ரா ஃபைலை (கேமரா பதிவு செய்த, திருத்தாத கோப்பை) அழிக்காதீர்கள், நடுவர்கள் கேட்கக்கூடும்.