எது மலிவு?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். மகளைக் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ஓலோனி காலேஜில் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், டி ஆன்சாவில் 31தான். டி ஆன்சாதானே லாபம்?

பதில்: அங்கேதான் கணக்கு ஏமாற்றுகிறது. மாநிலவாசிகளுக்கு எல்லாக் கம்யூனிட்டி காலேஜிலும் ஒரே கட்டணம்தான், 2012லிருந்து செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். டி ஆன்சா குவார்ட்டர் முறையில், அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களாக, நடப்பதால் அதில் மூன்றில் இரண்டு பங்கை 31 என்று போடுகிறார்கள், ஆனால் இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட்டுக்குப் பதில் 90 எடுக்க வேண்டும். பெருக்கிப் பாருங்கள், ஓலோனி 2,760, டி ஆன்சா 2,790. முப்பது டாலர் கூடத்தான் வருகிறது! அப்புறம் பார்க்கிங், ஹெல்த் ஃபீஸ், புத்தகம், தினமும் போய்வர பெட்ரோல், இவற்றை ஒப்பிடுங்கள். மாநிலத்துக்குக் குடிவந்து ஓராண்டு ஆகவில்லையென்றால் கதையே வேறு, கட்டணம் பல மடங்கு ஏறிவிடும்.