‘கீப்’ ஏன் ‘கெப்ட்’ ஆனது?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘வாக்’கின் இறந்தகாலம் ‘வாக்ட்’. ஆனால் ‘கோ’வுக்கு ‘வென்ட்’, ‘கீப்’புக்கு ‘கெப்ட்’, ‘கட்’டுக்கு மறுபடியும் ‘கட்’. விதியே இல்லாத இந்த மொழியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. விதியே இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. விதிகள் இருந்தன, பழசாகிவிட்டன. அகரவரிசையில் அச்சடித்துக் கொடுக்கும் வினைப் பட்டியல்தான் அவற்றைக் கண்ணில் படாமல் செய்கிறது.

‘கீப்’பையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அது ‘கேப்பன்’, இறந்தகாலம் ‘கேப்டே’. இரண்டிலும் நெடில்தான். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்தால் முன்னுள்ள நெடில் குறுகும் மாற்றம் பின்னர் வந்தது; ‘கேப்டே’ குறுகிக் ‘கெப்ட்’ ஆயிற்று. நிகழ்காலத்தில் குறுகக் காரணமில்லை, நெடில் அப்படியே நின்றது. 15ஆம் நூற்றாண்டையொட்டி ஆங்கில நெடில்களின் ஒலி மாறத் தொடங்கியபோது அந்த ஏகாரம் ஈகாரமானது, குறில் அசையவில்லை. ஸ்லீப்–ஸ்லெப்ட், ஃபீல்–ஃபெல்ட், மீட்–மெட், ஃபீட்–ஃபெட், லீட்–லெட் எல்லாம் இதே குடும்பம். ‘ரீட்’ இறந்தகாலத்தில் ‘ரெட்’ என்று ஒலிப்பதும் இதனால்தான். எழுத்து மட்டும் மாறவில்லை. இவற்றைச் சேர்த்து வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். பிள்ளையின் காதே விதியைப் பிடித்துக்கொள்ளும்.

‘கட்’, ‘ஹிட்’, ‘ஷட்’, ‘செட்’ மாறாததற்கும் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘செட்’டின் இறந்தகாலம் ‘செட்டே’. வினையின் இறுதி ட் ஒலியும் காலம் காட்டும் ட் ஒலியும் ஒன்றாகிவிட்டன. கடைசி உயிரும் தேய்ந்து விழுந்தபின் வேறுபாடு எஞ்சவில்லை. பின்னால் வந்த ‘கட்’ இவற்றோடு சேர்ந்துகொண்டது. இதை வைத்து ட்-இல் முடிவதெல்லாம் மாறாது என்று சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்: ‘சிட்’ ‘சேட்’ ஆகும், ‘வான்ட்’ ‘வான்டட்’ ஆகும்.

‘வென்ட்’ உண்மையில் ‘வெண்ட்’ (wend) என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். செண்ட், பெண்ட் போன்ற வினைகள் கடைசி ஒலியை வல்லின ட் ஆக்கி இறந்தகாலம் காட்டுவது போன்றதே அது. ‘கோ’வின் சொந்த இறந்தகாலம் வழக்கொழிந்ததும் அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்தது.

அடிக்கடி பேசப்படும் வினைகளே இப்படிப் பழைய வடிவில் பிழைத்திருக்கின்றன. 2007இல் ‘நேச்சர்’ இதழில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: அவர்கள் எடுத்துக்கொண்ட ஒழுங்கற்ற 177 பழைய ஆங்கில வினைகளில் இன்றும் ஒழுங்கற்றவையாகவே இருப்பவை 98. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ‘-எட்’ (-ed) விகுதிக்கு மாறிவிடுகிறது. ‘ஹெல்ப்’ அப்படி மாறியதுதான். 1611இன் ஆங்கில பைபிளில் ‘ஹோல்பன்’ என்ற அதன் பழைய வடிவம் இன்னும் இருக்கிறது.

நம் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு. ‘பாட்’ எது, ‘ப்ராட்’ எது என்று குழம்புவார்கள். ‘ப்ரிங்’கில் உள்ள ர் ‘ப்ராட்’டிலும் இருக்கிறது, ‘பை’யில் ர் இல்லை, ‘பாட்’டிலும் இல்லை. ‘ஃபைண்ட்’டின் இறந்தகாலம் ‘ஃபவுண்ட்’. நிறுவுதல் என்னும் ‘ஃபவுண்ட்’ தனி வினை, அதற்கு ‘ஃபவுண்டட்’. ‘ரிங்’ மணி அடிப்பதைக் குறித்தால் இறந்தகாலம் ‘ரேங்’, சுற்றி வளைப்பதைக் குறித்தால் ‘ரிங்ட்’. பின்னது வளையம் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினை என்பதால் அது ‘-எட்’ விகுதியையே ஏற்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கேட்கும் பிழை ‘ஐ டிட் நாட் வென்ட்’. இது பட்டியல் தெரியாததால் வருவதன்று. நன்றாக மனப்பாடம் செய்த பிள்ளையும் இதைச் சொல்லும். ‘டிட்’ வந்துவிட்டால் காலத்தை அதுவே காட்டிவிடுகிறது, பின்னால் வருவது வெறும் ‘கோ’தான். எனவே ‘வென்ட்’டைக் கற்றுத்தரும் அன்றே ‘ஐ வென்ட்’, ‘ஐ டிட் நாட் கோ’, ‘டிட் யூ கோ’ மூன்றையும் ஒருசேரச் சொல்லப் பழக்குங்கள்.