ஒரு கையில் குழந்தை, மறு கையில் பொத்தான்

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம் ஆகப் போகிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். கர்ப்பத்துக்கு முன்னால் போட்ட துணி எதுவும் உடம்பில் ஏறவில்லை, கர்ப்பகாலத் துணியோ தொளதொளவென்று தொங்குகிறது. நாள் முழுக்க ஒரே நைட்டிதான். இரவில் பால் கொடுத்துக்கொண்டே கைபேசியில் எதையாவது வாங்கிவிடுகிறேன், வந்து சேர்ந்ததும் பாதி பயன்படுவதில்லை. குழந்தைக்கு வாங்கியதில் ஏழெட்டு உடுப்பு விலைச்சீட்டுகூடக் கிழிக்காமலே சின்னதாகிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து வெளியே போய்வர வேண்டும். எதை வாங்குவது, எதை விடுவது?

பதில்: முதலில் அந்த நைட்டி. அதை நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் அலமாரியில் இருக்கும் அத்தனை துணியிலும் இப்போதைய வேலைக்குத் தோதானது அது ஒன்றுதான். முன்பக்கம் ஜிப், இடுப்பில் இறுக்கம் இல்லை, துவைத்தால் சீக்கிரம் காயும். அதனால்தான் கை தானாக அதையே எடுக்கிறது. நான் பல வருடமாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு அளவெடுத்துத் தைப்பவள். அந்தப் பழக்கத்தில், ஸ்டைலைப் பற்றிக் கேட்டாலும் எனக்குக் கைதான் முதலில் ஞாபகம் வருகிறது. குழந்தை இடது கையில் இருக்கும்போது வலது கையால் மட்டும் திறக்கவும் மூடவும் முடியாத எதையும் வாங்காதீர்கள். மேல்சட்டை, உள்ளாடை, கைப்பை, குழந்தையின் உடுப்பு என்று எல்லாவற்றையும் இந்த ஒற்றைக் கைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வாங்கி வீணானதில் பெரும்பகுதி இதில் தோற்றதாகத்தான் இருக்கும்.

அடுத்தது அளவு. பிரசவம் முடிந்த உடன் கர்ப்பப்பை ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். அது சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஆறு வாரம் ஆகிறது. விலகிக் கொடுத்த வயிற்றுத் தசைகள் நெருங்கி வர அதற்கும் மேல் பல மாதம் வேண்டும். ஆகவே மூன்றாம் மாதத்தில் பழைய ஜீன்ஸ் இடுப்புக்கு மேல் ஏறாமல் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. "உடம்பு குறைந்ததும் போட்டுக்கொள்ளலாம்" என்று சின்ன அளவில் வாங்கி வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணி அலமாரியில் தொங்கிக்கொண்டு தினமும் ஒரு குத்துக் குத்தும், அவ்வளவுதான். இன்றைக்கு டேப்பை எடுத்து மார்பு, இடுப்பு, தொடைப் பகுதி மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி அளக்கலாம். இடைப்பட்ட காலத்துக்கு மூன்று மேல்சட்டை, அகலமான மென்மையான இடுப்புப் பட்டையுடன் இரண்டு பேன்ட் போதும். அறுவைசிகிச்சை பிரசவம் என்றால் பட்டை தழும்புக்கு மேலே, தொப்புளை ஒட்டி உட்கார வேண்டும். தழும்பின் மீதே எலாஸ்டிக் உரசினால் நாள் முழுக்க நமைச்சல். வயிற்றை இறுக்கும் பெல்ட் ஒன்றையும் வாங்கி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது நிமிர்ந்து நிற்கத் தாங்கல் கொடுக்கும், விலகிய தசையைச் சேர்த்து வைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே, கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் மீது இறங்கும். விலகிய தசை சேர்வதற்குப் பயிற்சிதான் வழி, ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் வெளியே தெரியாத இடம். பால் கொடுப்பதற்கான பிரா. மார்பளவு ஒரே நாளில்கூட மாறும். காலையில் நிறைந்திருக்கும், குடித்து முடித்ததும் தளரும். எனவே பால் நிறைந்திருக்கும் நேரத்தில் அளந்து வாங்குங்கள், பின்னால் மூன்று நான்கு வரிசைக் கொக்கி இருப்பதாகப் பாருங்கள். கப்பைத் தோள் வாருடன் இணைக்கும் கிளிப்பை ஒரு கையால் திறக்க முடிகிறதா என்பதைவிட ஒரு கையால் மாட்ட முடிகிறதா என்பதுதான் சோதனை. திறப்பது எல்லாமே சுலபம்தான். கம்பி வைத்தது வேண்டாம், ஓரங்கள் ஒரே இடத்தில் அழுத்தினால் பால் கட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. கழற்றிய பிறகு தோலில் சிவந்த வரி பதிந்திருந்தால் அது உங்களுக்குச் சின்னது. மார்பில் ஓரிடம் மட்டும் கெட்டியாகிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் வந்தால் துணியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மேல்சட்டைக்கு வருவோம். "நர்சிங்" என்று சீட்டு ஒட்டி விற்பவற்றை மட்டும்தான் வாங்க வேண்டும் என்றில்லை. முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்த சாதாரணச் சட்டை நன்றாகவே வேலை செய்யும். ப்ரெஸ் பட்டன் என்றால் இன்னும் விசேஷம், ஓர் இழுப்பில் திறக்கும். எனக்குப் பிடித்தது இரண்டு அடுக்கு முறை. உள்ளே கீழே இழுத்துவிடக்கூடிய மெல்லிய பனியன், மேலே தளர்வான சட்டை. மேலது ஏறும், உள்ளது இறங்கும், வயிறும் தெரியாது, மார்பும் தெரியாது. மேலே போர்த்திக்கொள்ளத் தனித் துணி தேட வேண்டியதும் இல்லை.

புதிதாக வாங்கும் முன் பழைய குர்த்திகளை எடுத்துப் பாருங்கள். மார்பின் இரு பக்கமும் தோளிலிருந்து இடுப்பு வரை நெடுக்காக ஒரு தையல் ஓடினால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்தத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு மறைவு ஜிப் வைத்துத் தரச் சொல்லுங்கள். தைப்பவரிடம் இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். ஜிப்பின் உட்புறம் மெல்லிய துணிப் பட்டை வைக்க வேண்டும், இல்லையென்றால் பல் தோலைக் கடிக்கும். ஜிப் மேலிருந்து கீழே திறக்க வேண்டும். தலைகீழாக வைத்து ஒருமுறை நானே அசடு வழிந்திருக்கிறேன். பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருந்தால் அதையும் பிரித்துவிட்டு ஒரு அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். பால் நிறுத்திய பிறகும் அந்தக் குர்த்தியைப் போடலாம், ஜிப் இருப்பதே தெரியாது.

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் வெளியே போகும்போது மானத்தைக் காப்பது அதுதான். வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் கரும்புள்ளியாகத் தெரியும். கறுப்பில் ஈரம் தெரியாது. ஆனால் குழந்தை தோளில் கக்கியது காய்ந்ததும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளையாக நிற்கும். நடுத்தர நிறத்தில் நெருக்கமான சின்னப் பூப்போட்ட துணி இரண்டையும் விழுங்கிவிடும். பால் கசிவது பால் சுரக்கும் அனிச்சையால் நேர்வது. பக்கத்து வீட்டுக் குழந்தை அழும் சத்தம் கேட்டாலும் சுரந்துவிடும், ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கமும் சுரக்கும். நாலு பேர் நடுவில் அந்தக் குறுகுறுப்பு தெரிந்தால், கைகளைக் கட்டிக்கொண்டு முன்கையால் மார்பை ஒரு நிமிடம் லேசாக அழுத்துங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். உள்ளே வைக்கும் பேட் நனைந்ததும் மாற்றிவிடுங்கள். துணிப் பேட் என்றால் அதைத் துவைக்கும்போது சாஃப்ட்னர் போடாதீர்கள், உறிஞ்சும் தன்மை போய்விடும்.

நகை. பிறந்த குழந்தைக்குக் கையில் பட்டதைப் பற்றும் அனிச்சை இருக்கிறது. நான்கு மாத வாக்கில் கண்ணால் பார்த்து, குறிவைத்து, எட்டிப் பிடிக்கவே தொடங்கிவிடும். தொங்கும் கம்மலும் மெல்லிய சங்கிலியும் கொஞ்ச காலம் பெட்டியில் இருக்கட்டும், காதோடு ஒட்டிய தோடு போதும். வாசனைத் திரவியத்தையும் குறையுங்கள். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை அம்மாவின் வாசனையைப் பிரித்தறிகிறது. அதன் மேல் ஏன் வேறொன்றைப் பூச வேண்டும்?

முடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களுக்கு இதுதான் அந்தச் சமயம். பிரசவமாகி மூன்று மாத வாக்கில் கொத்துக் கொத்தாக முடி உதிரும். கர்ப்பத்தில் ஹார்மோன்களால் உதிராமல் தங்கியிருந்த முடி மொத்தமாக விடைபெறுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிடும், விலையுயர்ந்த எண்ணெய்களைத் தேட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. உதிர்ந்த ஒற்றை முடி குழந்தையின் காலுறைக்குள் புகுந்து விரலைச் சுற்றிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போது நீளும் முடி, காயும்போது சுருங்கி இறுக்கும், இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் வீங்கிச் சிவக்கும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் கால்விரல், கைவிரல், பிறப்புறுப்பு மூன்றையும் பிரித்துப் பாருங்கள். முடியை உடனே எடுக்க முடியவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் முடியைக் கட்டி வையுங்கள், குழந்தையின் காலுறைகளை உட்புறம் திருப்பித் துவையுங்கள்.

இனி அந்த ஏழெட்டு உடுப்பு. முதல் மூன்று மாதத்தில் மட்டும் குழந்தை ஏறக்குறைய 10 செ.மீ. வளர்கிறது. ஐந்தாவது மாத வாக்கில் பிறந்த எடை இரண்டு மடங்காகிறது. நீங்கள் தோற்றதில் வியப்பில்லை. சீட்டில் எழுதியிருக்கும் மாதக் கணக்கு ஆளுக்கு ஆள், தயாரிப்பவருக்குத் தயாரிப்பவர் மாறும். 56, 62, 68 என்று எண் போட்டிருந்தால் அது குழந்தையின் நீளம், செ.மீ. கணக்கில். குழந்தையைப் படுக்க வைத்து உச்சி முதல் குதிகால் வரை அளந்து, அதற்கு அடுத்த அளவில் வாங்குங்கள். ஒரு சமயத்தில் ஒரே அளவில் ஆறேழுக்கு மேல் வேண்டாம், பெரிய அளவில் இப்போதே சேர்க்கவும் வேண்டாம். ஆறாம் மாதத்தில் வெயிலா குளிரா என்பதை யோசிக்காமல் கம்பளி வாங்கியவர்கள் உண்டு.

கீழிருந்தும் திறக்கும் ஜிப் வைத்த முழு உடுப்பு இரவுக்கு வரம். தூக்கக் கலக்கத்தில் பதினொரு ப்ரெஸ் பட்டனைப் போட்டு முடித்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும். உள்பனியன்களில் தோளில் இரண்டு துணி ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது அழகுக்கு வைத்ததில்லை. டயப்பர் மீறி முதுகுவரை போய்விட்ட நாளில், அசிங்கத்தைத் தலைவழியாக இழுக்காமல் தோள்வழியாகக் கீழே கழற்றிவிடலாம். கழுத்தில் நாடா, இழுத்துக் கட்டும் கயிறு, ஒட்டிய மணி, இவை இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தூங்கும் இடத்தில் தலையணை, மெத்தென்ற ஓரத் தடுப்பு, தளர்ந்த போர்வை, தொப்பி எதுவும் வேண்டாம். கெட்டியான சமதள மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். இவற்றுக்கான "செட்" ஒன்று உங்கள் கார்ட்டில் இருந்தால் இப்போதே நீக்கிவிடலாம். சக்கரம் வைத்த நடைவண்டியும் அப்படித்தான். அதில் உட்கார வைப்பதால் குழந்தை சீக்கிரம் நடப்பதில்லை, படியில் உருண்டு விழும் ஆபத்துதான் கூடுதல். கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

வெளியே போகக் குழந்தையைக் கட்டிக்கொள்ளும் கேரியர் வாங்குவதாக இருந்தால், முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் அமுங்கக் கூடாது, முழங்கால் பின்புறத்தைவிடச் சற்று உயரமாக மடங்கியிருக்க வேண்டும். கேரியரே ஒரு சுற்றுத் துணி என்பதால் இருவருக்கும் ஓர் அடுக்கைக் குறைத்து உடுத்துங்கள். சட்டையில் கறை இருந்தால் கேரியர் மறைத்துவிடும் என்பது கூடுதல் லாபம்!

கறை பற்றிச் சுருக்கமாக. பாலில் இருப்பது புரதம். சுடுநீரில் போட்டால் துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் குளிர்ந்த நீர், பிறகு புரதத்தைக் கரைக்கும் நொதி (என்சைம்) கலந்த சோப்புத்தூள். ஆனால் பட்டும் கம்பளியும் புரதம்தான், அதே தூள் அவற்றையும் அரிக்கும். டயப்பர் மஞ்சள் போகவில்லையா, துவைத்த ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், வெளுத்துவிடும்.

இரவு வாங்கும் பழக்கத்தை விடச் சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் விழித்திருப்பதற்கு ஒரு சின்ன சந்தோஷம் வேண்டியிருக்கிறது. கார்ட்டில் போட்டு வையுங்கள், பணத்தை மறுநாள் பகலில் கட்டுங்கள். செருப்பு மட்டும் இணையத்தில் வேண்டாம். கர்ப்பத்தில் பாதத்தின் வளைவு தாழ்ந்து, கால் அரை அளவு நீண்டு, அப்படியே நின்றுவிடுவது உண்டு. பழைய எண்ணை நம்பாமல் கடைக்குப் போய், மாலையில், கால் சற்றே வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

புதுச் சட்டை வந்ததும் விலைச்சீட்டைக் கிழிக்காமல், குழந்தை எடைக்கு ஒரு தலையணையை இடது கையில் அணைத்துக்கொண்டு கண்ணாடி முன் உட்காருங்கள். திறங்கள், மூடுங்கள், குனிந்து தரையில் கிடக்கும் துண்டை எடுங்கள். நடுவில் ஒருமுறையாவது தலையணையைக் கீழே வைக்க நேர்ந்தால் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.