கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிறேன். வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற அக்கா போன மாதம், "நீ எப்படிம்மா இதையெல்லாம் தாங்கிக்கிட்ட?" என்று கேட்டார். ஜெபம்தான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "எல்லாம் காலம்தான் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு எங்கள் சபைக்கு வந்த பிரசங்கியார், "சாட்சி சொல்லாதவன் இயேசுவை மறுதலிக்கிறான்" என்றார். அன்றிலிருந்து தூக்கமில்லை. எனக்கு வாதாடத் தெரியாது. வேலைக்கு வம்பு வருமோ என்றும் பயம். தைரியம் வர என்ன செய்வது, அய்யா?

— ஒரு வாசகி, சேலம்

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பிரசங்கத்தை ஓரமாக வையுங்கள். இயேசுவின் சீடர் பேதுரு அவரை மறுதலித்தார் என்றால், "அந்த மனுஷனை நான் அறியேன்" என்று சத்தியம் பண்ணி மறுதலித்தார். நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்ணுக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். பயமுறுத்தி ஒருவரைச் சாட்சி சொல்ல விரட்டினால், அவர் தன் பாரத்தை இறக்கி வைக்கத்தான் பேசுவார். கேட்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த அக்கா மனசுவிட்டுக் கேட்டார். நீங்கள் சொன்ன பதில் உண்மையில்லை. அவர் ஏன் கேட்டார் என்று யோசித்தீர்களா? தாங்க முடியாத ஏதோ ஒன்று அவர் வீட்டிலும் இருக்கலாம். உங்கள் கடிதம் முழுக்க உங்கள் பயம் இருக்கிறது. அவருக்கு என்ன கஷ்டம் என்று ஒரு வரிகூட இல்லை.

தைரியம் வரட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பவுல் கொரிந்துவுக்குப் போனபோது "பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" இருந்ததாக அவரே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 2:3). அந்த ஊரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து கூடாரம் பண்ணுகிற வேலை செய்தவர் அவர். உங்களைப் போலக் கைவேலைக்காரர். "பயப்படாமல் பேசு" என்று கர்த்தர் இராத்திரியில் அவருக்குச் சொன்னதும் அங்கேதான். பயமே இல்லாதவருக்கு அதைச் சொல்ல வேண்டியிருக்காது. எபேசியர் நிருபத்தின் கடைசியில், நான் தைரியமாய்ப் பேச எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று விலங்கில் இருந்துகொண்டு கேட்கிறார். நீங்களும் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் அப்படிக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வாதாடத் தெரியாது என்கிறீர்கள். உங்களிடம் யார் வாதத்துக்கு வந்தார்கள்? யோவான் 9-ல் பார்வை பெற்றவனைப் பரிசேயர் குடைந்து குடைந்து கேட்டபோது, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்றான். நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக்கேட்கிற" யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுருவின் நிருபம் சொல்கிறது. மறுதலித்த அதே பேதுருவின் பேரால் வந்த நிருபம். 1606-ல் மதுரைக்கு வந்து, தமிழும் வடமொழியும் படித்து, தேடி வந்தவர்களோடு உட்கார்ந்து பேசிய பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி என்ற தத்துவ போதகர், 1623-ல் சேந்தமங்கலம் வழியாக உங்கள் சேலத்துக்கும் வந்திருக்கிறார். அவர் அத்தனை பாடுபட்டு உண்டாக்கிய நெருக்கம் உங்களுக்குப் பட்டறையில் தினமும் பக்கத்திலேயே கிடைக்கிறது.

ஆகவே போய்ப் பேசுங்கள். "அன்னைக்கு நீங்க கேட்டீங்களே அக்கா, நான் சரியா பதில் சொல்லலை. ராத்திரியில தூக்கம் வராம அழுவேன். அப்ப பைபிள்ல ஒரு சங்கீதம் படிச்சு ஜெபம் பண்ணுவேன். இயேசு என் கூட இருக்காருன்னு நம்பினேன், இப்பவும் நம்புறேன். அதுதான் என்னைத் தாங்குச்சு." இவ்வளவு போதும். மதப் பிரசுரம் எதுவும் கொடுக்க வேண்டாம். பிறகு, "உங்களுக்கு ஏதாச்சும் கஷ்டமா அக்கா?" என்று கேட்டுவிட்டு, அவரைப் பேச விடுங்கள். கோட்டை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதைச் சொல்லுவார். ஆடிக்குக் கூழ் ஊற்றியதைச் சொல்லுவார். அதையும் முழுசாகக் கேளுங்கள். அவர் கும்பிடுகிற சாமியை ஒரு வார்த்தை குறைவாகப் பேசினாலும், நீங்கள் சொன்ன சங்கீதம் அவர் காதில் ஏறாது. ஏறவும் கூடாது என்பேன்.

வம்பு வருமா என்ற பயம் நியாயமானது. மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு எல்லாருக்கும் உரிமை தருகிறது, பொது ஒழுங்குக்கு உட்பட்டு. பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றுகிற உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. சட்டம் எப்படி இருந்தாலும், கேட்ட தோழிக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்வதில் ஒளிக்க எதுவும் இல்லை. பணம், வேலை, வியாதி சுகமாகும் என்று ஆசை காட்டுவதுதான் தப்பு. அதை எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள். பட்டறையில் வேலை நேரத்தில் பேச வேண்டாம். சாப்பாட்டு நேரம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அவர் தன் வீட்டுக் கஷ்டத்தை உங்களிடம் சொன்னால், அது உங்களோடு இருக்கட்டும். சபையில் ஜெபக் குறிப்பு கேட்கும்போது அவர் பேரைச் சொல்லாதீர்கள். "அவங்களை எப்ப கூட்டிட்டு வரப்போற?" என்று யாராவது கேட்டால், அது அவர் இஷ்டம் என்று சொல்லிவிடுங்கள்.