சாமான் குறைந்த குளியலறை: கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலர், "கண்ணை உறுத்தாத, சாமான் அதிகம் இல்லாத பாத்ரூம் வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊர்த் தண்ணீரையும் நம் வீட்டுப் பழக்கத்தையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

பல்லடம்: அண்ணா, எங்களுக்கு முழுக்க போர் தண்ணிதானுங்க. கறுப்பு டைல்ஸ், கறுப்பு மேட் டேப், கண்ணாடித் தடுப்புன்னு முடிவு பண்ணியிருக்கோம். சரியா வருங்களா?

வராதுங்க. நீங்கள் பார்த்த படத்தில் அந்த டேப்பை அன்றைக்குத் திறந்தே இருக்க மாட்டார்கள். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். ஒவ்வொரு துளியும் காயும்போது வெள்ளையாகப் படியும். கறுப்பின்மேல் அது முதலில் தெரியும், தினமும் துடைக்கிற வேலை உங்கள் தலையில் விழும்.

டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன் தண்ணீரை லேபில் கொடுத்துக் கடினத்தன்மை பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உங்களுடையது 600ஐத் தாண்டினால் கண்ணாடியை மறந்துவிடுங்கள். வெளிர் சாம்பல் அல்லது மணல் நிறத்தில் மேட் டைல்ஸ், பிரஷ்டு ஸ்டீல் டேப், இவற்றில் படிவம் சட்டென்று தெரியாது. படிந்ததை எடுக்க, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்தால் போதும். கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட் வேண்டாம், அது கிரவுட்டையும் (டைல்ஸ் இடுக்கில் அடைக்கிற பூச்சு) குரோம் பூச்சையும் அரித்துவிடும்.

கோவை: எங்களுக்குச் சிறுவாணி. அப்போ கண்ணாடி போடலாமா?

தாராளமாக. சிறுவாணித் தண்ணீரில் உப்பு குறைவு, அவ்வளவாகப் படியாது. 8 மில்லிமீட்டர் டஃபண்ட் (உறுதியாக்கப்பட்ட) கண்ணாடி போடுங்கள். ஆனால் கோடையில் போர் தண்ணீரையும் அதே டேங்கில் ஏற்றுகிற வீடு என்றால் பல்லடத்துக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

கோபி: தம்பி, பழைய வீட்டுல பொடக்காலியிலதான் குளிப்போம். இப்ப மகன் பக்கெட், முக்காலி எதுவும் கூடாதுங்கறான். எனக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு அரப்பு போட்டுக் குளிச்சாத்தான் ஆகும்.

மகனிடம் சொல்லுங்கம்மா, பக்கெட் இருந்தால் எளிமை கெட்டுப்போகாது. அதற்கு இடம் ஒதுக்காமல் விட்டால்தான் அது நட்டநடுவில் வந்து உட்காரும். ஷவருக்குக் கீழே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தனியாக ஒரு டேப், அதன் பக்கத்தில் சுவரோடு சேர்ந்த கல் திட்டு ஒன்று. உட்காரவும் ஆச்சு, பக்கெட்டுக்கு மூலையும் ஆச்சு, முக்காலியும் தேவைப்படாது.

அரப்பு விஷயம் இதைவிட முக்கியம். அரப்பு என்பது உசிலை இலைப் பொடி, அது தண்ணீரில் கரையாது. எண்ணெயோடு சேர்ந்து ஜல்லடைக்கு அடியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சுவரோரம் நீளமாகப் போகிற டிரெயின் பார்க்க அழகுதான், ஆனால் மூடி முழுசாகக் கழன்று, உள்ளே இருக்கிற கிண்ணத்தைக் கையால் எடுத்துக் கழுவ முடிகிற மாதிரி வாங்கச் சொல்லுங்கள். டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் பூசினால் அரப்புப் பச்சை ஏறி நிற்கும். சாம்பல் நிற எபாக்சி கிரவுட் போடுங்கள். எண்ணெய்க் காலுக்கு வழுக்காத தரை வேண்டும், வழுக்காத தன்மைக்கான தரக் குறியீடு ஆர்10க்குக் குறையாத டைல்ஸ் கேளுங்கள். திட்டுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடியும் இருக்கட்டும். துண்டு மாட்டவும் அதுவே போதும்.

ஈரோடு: ஷாம்பு, சோப்பு எல்லாம் எங்கே வைப்பது? ஸ்டாண்ட் வேண்டாம்.

சுவரில் மாடம் விடுங்கள். ஒன்பது இஞ்ச் சுவராக இருக்க வேண்டும், நாலரை இஞ்ச் சுவரைக் குடையக் கூடாது. மாடத்தின் மேல், கீழ் விளிம்புகள் டைல்ஸ் இடுக்கோடு ஒரே கோட்டில் வந்தால்தான் கண்ணுக்கு அமைதி. அடித்தளம் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கட்டும், இல்லாவிட்டால் சோப்பு ஊறிக் கூழாகிவிடும்.

பொள்ளாச்சி: எவ்வளவு சுத்தமா வெச்சாலும் ஈர வாடை போகலைங்க.

அது பெரும்பாலும் வாட்டத்தில், அதாவது தண்ணீர் ஓடுகிற தரைச் சரிவில், இருக்கிற குறை. குளிக்கிற இடத்தில் அடிக்கு இரண்டு நூல் (ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்ச்), மற்ற இடத்தில் அடிக்கு ஒரு நூல் வாட்டம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், எங்கே தேங்குகிறதோ அங்கேதான் வாடை. புதிதாகக் கட்டுகிறவர்கள் டைல்ஸ் ஒட்டும் முன்பே, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முடிந்ததும் 24 மணி நேரமாவது தண்ணீர் கட்டிப் பாருங்கள்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் உங்களுக்குச் சும்மா கொடுத்த எக்ஸாஸ்ட் ஃபேன் அது. மேற்குச் சுவரில் வென்டிலேட்டர் இருந்தால் ஆனி, ஆடியில் தரை சீக்கிரம் காய்ந்துவிடும். சாரல் அடிக்காமல் மேலே சன்ஷேடு மட்டும் வேண்டும். மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர் என்றால் ஃபேன்தான் வழி.

திருப்பூர்: சுவரில் தொங்குகிற கிளாசெட் உடைந்து விழாதா?

400 கிலோ எடை ஏற்றிச் சோதிக்கிற பொருள் அது. எடையைத் தாங்குவது உள்ளே இருக்கிற இரும்பு ஃபிரேம், அதைத் தரையோடு போல்ட் போட்டிருக்கிறார்களா என்று நீங்களே பாருங்கள். சுவருக்குள் இருக்கிற சிஸ்டர்ன் (ஃபிளஷ் தொட்டி) பழுதானால் சுவரை உடைக்க வேண்டியதில்லை, ஃபிளஷ் பிளேட்டைக் கழற்றினால் கை போகும்.

காங்கேயம்: லைட்?

3000 கெல்வின் வார்ம் ஒயிட். கூரை நடுவில் ஒன்றைப் போட்டு நிறுத்தாமல், முகம் பார்க்கிற கண்ணாடியின் இரு பக்கமும் போடுங்கள். முகத்தில் நிழல் விழாது.

அவிநாசி: பட்ஜெட் இடிக்குதுங்ணா. எதில் மிச்சம் பிடிக்கலாம்?

சுவர் டைல்ஸில். குளிக்கிற இடத்தில் ஏழடி வரை ஒட்டினால் போதும், மற்ற சுவர்களுக்கு ஈரம் தாங்கும் பெயின்ட். சுவருக்குள் போகிற பைப், தண்ணீரை ஷவருக்கோ டேப்புக்கோ திருப்பிவிடுகிற டைவர்ட்டர், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இந்த மூன்றில் கை வைக்காதீர்கள். தரை டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள். பிறகு ஒன்று உடைந்தால் அதே ஷேடு கடையில் கிடைப்பது கஷ்டம்.