பெங்களூரில் முதல் ஸ்கேன்: எந்தத் தாமதத்தைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது

திருநெல்வேலியிலிருந்து மாரத்தஹள்ளிக்குக் குடிவந்து இரண்டு மாதமான தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடைசி மாதவிலக்கு ஜூன் 10. கிட்டில் இரண்டு கோடு வந்துவிட்டது. இன்று ஜூலை 18. ஆஸ்பத்திரியில் ஜூலை 30க்குத்தான் அப்பாயின்ட்மென்ட் என்கிறார்கள். நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனால் டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா ஊரிலிருந்து தினமும் போன் செய்து பயப்படுகிறார். என்ன செய்ய?"

தங்கச்சி, முதலில் வாரக் கணக்கைப் பாருங்கள். கர்ப்பத்தின் வாரம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் எண்ணப்படும். இன்று உங்களுக்கு 5 வாரம் 3 நாள். இப்போது ஸ்கேன் எடுத்தால் கருப்பையில் ஒரு சிறிய பை மட்டும் தெரியலாம், இதயத்துடிப்பு தெரியாது. "பத்து நாள் கழித்து மறுபடி வாருங்கள்" என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. உங்கள் ஜூலை 30 என்பது 7 வாரம் 1 நாள். முதல் ஸ்கேனுக்கு அது நல்ல நாள். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். உங்கள் மாதவிலக்கு 35, 40 நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்றால் கரு இன்னும் இளசாக இருக்கும்; அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு தாமதத்தை மட்டும் பொறுக்கவே கூடாது. இரத்தப்போக்கு, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்தும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி மயக்கம் இவற்றில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட்டை நினைக்காதீர்கள், நேராக கேஷுவாலிட்டிக்குப் போங்கள். கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் இந்த வாரங்களில்தான் வலி காட்டும். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். அங்கே ஸ்கேனோடு பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் செய்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இன்றே வீட்டுக்கு அருகில் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டு, இரவில் மகப்பேறு டாக்டர், ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர் மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். கோட்டைப் பக்கம் வாணி விலாஸ், சிவாஜிநகரில் பவுரிங் போன்ற அரசு ஆஸ்பத்திரிகள் பெரியவைதான். ஆனால் மாலையில் அவுட்டர் ரிங் ரோட்டைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிடும். கன்னடம் வரவில்லை என்று தயங்க வேண்டாம்: "ப்ளீடிங் ஆக்தா இதெ", "ஹொட்டெ நோவு" (வயிற்று வலி), இந்த இரண்டு போதும். ஆம்புலன்ஸுக்கு இங்கும் 108தான்.

ஸ்கேன் சென்டர் திருப்பி அனுப்பியதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, விலாசம், ஏற்கெனவே உள்ள பிள்ளைகள், அனுப்பிய டாக்டர், ஸ்கேனுக்கான காரணம் எல்லாம் அதில் வரும். படிவத்தில் குறை இருந்தால் சென்டருக்குச் சீல் வரை போகும், அதனால்தான் அத்தனை கண்டிப்பு. சீட்டில் இவை இருக்கிறதா என்று டாக்டர் அறையை விட்டு எழுமுன் பாருங்கள்: ஆதாரில் உள்ளபடி உங்கள் பெயர், கடைசி மாதவிலக்குத் தேதி, ஸ்கேனின் காரணம், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை. வாட்ஸ்ஆப்பில் வந்த சீட்டைப் பல சென்டர்களில் ஏற்பதில்லை. ஆதார் அசலும் நகலும் வேண்டும். அதில் ஊர் விலாசம் இருந்தால் வாடகை ஒப்பந்த நகலையும் பையில் வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: டாக்டரைப் பார்க்க 12 நாள் காத்திருந்து, அன்று சீட்டு வாங்கிய பிறகு ஸ்கேனுக்கு இன்னொரு வாரம் காத்திருப்பார்கள். ஜூலை 30க்கே ஸ்கேன் ஸ்லாட்டையும் இப்போது போனில் போட்டு, சீட்டை அன்று கொண்டுவருவதாகச் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஸ்கேன் மெஷின் உள்ள டாக்டராக இருந்தால் ஒரே நாளில் முடியும். பெயர்பெற்ற டாக்டரே வேண்டும் என்று நிற்காமல், அதே ஆஸ்பத்திரியில் முன்னதாகக் கிடைக்கும் வேறொரு மகப்பேறு டாக்டரை முதல் முறைக்குப் பாருங்கள், பிறகு மாறிக்கொள்ளலாம். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் என்றால் ஒரு மணி நேரம் முன்பு நான்கைந்து தம்ளர் தண்ணீர் குடித்துப் போக வேண்டும். பிறப்புறுப்பு வழியாக எடுப்பதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். இந்த வாரத்தில் இரண்டாவதில்தான் தெளிவாகத் தெரியும், கருவுக்கு அதனால் கெடுதல் இல்லை. எது என்று முன்பே கேளுங்கள்.

காத்திருக்கும் நாளில் அருகிலுள்ள நகர ஆரம்ப சுகாதார மையத்தில் பதிவு செய்யுங்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள் எது என்று கேட்டுப் போங்கள். 'தாயி கார்டு' தருவார்கள், அடிப்படைப் பரிசோதனைகள் அங்கே இலவசம்: ஹீமோகுளோபின், இரத்த வகை, சர்க்கரை, சிறுநீர், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் நோய்க்கானது). தைராய்டு அங்கே இல்லையென்றால் வெளியில் பாருங்கள். இரத்த வகை நெகட்டிவ் என்றால், இரத்தப்போக்கு வந்தால் முதலில் சொல்ல வேண்டிய விஷயம் அதுதான். ஃபோலிக் ஆசிட் இன்றே தொடங்குங்கள்: நாளுக்கு 400 மைக்ரோகிராம். மெடிக்கலில் கேட்டால் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள். அது சர்க்கரை நோய், வலிப்பு மருந்து போன்ற காரணம் இருப்பவர்களுக்கு டாக்டர் எழுதும் அளவு. ஏற்கெனவே தைராய்டு, வலிப்பு மாத்திரை போட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், போனிலாவது டாக்டரிடம் கேளுங்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது அடுத்த ஸ்கேனுக்குத்தான். கருவின் கழுத்துக்குப் பின்னால் உள்ள நீரின் தடிமனை அளந்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குறைபாட்டுக்கான வாய்ப்பைக் கணிக்கும் என்.டி. ஸ்கேன் 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான். உங்களுக்கு அது ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 15 வரை. கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அந்த அளவு செல்லும். பயிற்சி பெற்ற ஸ்கேன் டாக்டர்கள் குறைவு, ஸ்லாட் சீக்கிரம் நிறையும். விநாயகர் சதுர்த்தி விடுமுறையும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே வரும். முதல் ஸ்கேன் முடிந்த அன்றே செப்டம்பர் 2 முதல் 6க்குள் ஒரு நாளைப் பிடியுங்கள். குழந்தை சரியாகத் திரும்பிப் படுக்காவிட்டால் மறுபடி வரவும் நாள் மிஞ்சும். முதல் ஸ்கேனில் தேதி மாறினால் இந்தக் கணக்கும் மாறும். அதே வாய்ப்பைக் கணிக்க உதவும் டபுள் மார்க்கர் பரிசோதனைக்கான இரத்தத்தையும் அதே நாளில் கொடுங்கள். ஸ்கேன் அளவும் அன்றைய எடையும் லேப் படிவத்தில் ஏறாவிட்டால் ரிசல்ட் தப்பாக வரும். அந்த நாட்கள் தவறினால் 15 வாரத்துக்கு மேல் குவாட்ரபிள் டெஸ்ட் என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது. கருவின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்க 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேனுக்கும் (அக்டோபர் 14 முதல் 28) இப்படியே முன்பதிவு வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மையங்களில் கர்ப்பிணிகளுக்கான இலவச முகாம் உண்டு. அது நான்காம் மாதத்திலிருந்துதான், இப்போதைக்கு உதவாது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதாக இருந்தால் அம்மாவிடம் ஒரு வேலை கொடுங்கள்: ஊரின் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து பிக்மி எண்ணுக்கு (தமிழ்நாட்டு அரசின் கர்ப்பப் பதிவு எண்) என்ன வேண்டும் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவின்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். இங்கே எடுக்கும் தாயி கார்டு, ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அசலாக வைத்துக்கொள்ளுங்கள்.